'அப்பத்தா, நான்தான் பேசுறேன்...': குரலைக் கேட்டதும் மூளை ஏன் இளகிப்போகிறது?

பேரனின் குரல். ஆனால் பேசுவது பேரன் இல்லை. குரல் உடைந்திருக்கிறது, அழுகை வருகிறது, 'போலீஸ்ல புடிச்சுட்டாங்க', 'ஆக்சிடென்ட் ஆயிடுச்சு', 'யார்கிட்டயும் சொல்லாதீங்க', 'உடனே பணம் போடுங்க' என்கிறது. ஏ.ஐ. குரல் நகல் மோசடிகள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகின்றன. 2024 ஏப்ரலில் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இதுபற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. தெரிந்தவர் போலப் பேசுவார்கள், அழுது கெஞ்சுவார்கள், அவசரப்படுத்துவார்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம்.

இதைப் படித்ததும் 'இதுல போய் யாராவது ஏமாறுவாங்களா?' என்று தோன்றும். பணத்தை இழந்தவர்களும் அதற்கு முந்தைய நாள் வரை அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இதில் படிப்பு, விவரம் என்பதெல்லாம் பாதிக் கதைதான். மீதிக் கதை காதுக்குப் பின்னால், மூளைக்குள் நடக்கிறது. கேட்கும் சொல்லுக்கு அர்த்தம் பிடிபடுவதற்கு முன்பே, அந்தக் குரலில் இருக்கும் உணர்ச்சி உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

செட்டிநாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் வலையபட்டியும் ஒன்று. பெரிய வீடு, நீண்ட வளவு, உள்ளே வயதானவர் ஒருவரோ இருவரோ. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில், வளைகுடாவில், அமெரிக்காவில். இந்தப் பகுதிக்கு இது புதிய வாழ்க்கை இல்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று 'கொண்டுவிக்க'ப் போன காலத்திலேயே ஆண்கள் கடல் தாண்டி இருந்தார்கள், வீடு ஊரில் இருந்தது. அப்போது இரண்டுக்கும் நடுவே கடிதம் இருந்தது. வளைகுடா வேலை வந்த காலத்தில், கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. பிறகு எஸ்.டி.டி. பூத், அதன்பின் செல்போன், இப்போது வாட்ஸ்அப்.

கடிதத்தில் கையெழுத்தைப் பார்த்தார்கள். போனில் குரலைக் கேட்கிறார்கள். 'சாப்பிட்டியா?' என்ற ஒரு கேள்விக்கு 'ம்... சாப்பிட்டேன்' என்று வரும் பதிலில், அந்த 'ம்' எவ்வளவு நேரம் இழுத்தது என்பதை வைத்தே, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இப்படிக் குரலை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கும் வீடுகளைத்தான் இந்த மோசடி குறிவைக்கிறது.

குரலுக்குள் உணர்ச்சி எப்படி வருகிறது?

குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. சராசரி ஆணின் குரலில் விநாடிக்கு 120 முறை, பெண்ணின் குரலில் 200 முறை என்ற அளவில் அவை அதிரும். இந்த நாண்களை இறுக்கித் தளர்த்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோவது வேகஸ் நரம்பின் கிளைகள். இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் ஒழுங்குபடுத்தும் அதே நரம்புதான்.

பயம் வரும்போது மூச்சு குறுகுகிறது, தசை இறுகுகிறது, சுருதி ஏறுகிறது, பேச்சு வேகமெடுக்கிறது. துக்கத்தில் இதற்கு நேர்மாறு: சுருதி இறங்கும், ஏற்ற இறக்கம் குறையும், சொற்களுக்கு நடுவே இடைவெளி நீளும். வாயால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிடலாம். குரல் நாணை அப்படி எளிதாக ஏமாற்ற முடிவதில்லை. குரலை உண்மையின் சாட்சியாக மூளை எடுத்துக்கொள்வது இதனால்தான். பல லட்சம் ஆண்டுகளாக அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போனதும் இல்லை.

அரை விநாடிக்குள் நடப்பது

2000-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பாஸ்கல் பெலின், ராபர்ட் ஜடோர் ஆகியோர் அடங்கிய குழு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்கு மனிதக் குரல்களையும், மணியோசை, விலங்கு ஒலி, இயந்திர இரைச்சல் போன்றவற்றையும் மாறி மாறிப் போட்டுக்காட்டினார்கள். காதுக்குச் சற்று மேலே, மூளையின் பக்கவாட்டு மடலில் ஓடும் ஒரு பள்ளத்தின் ஓரப் பகுதிகள் மனிதக் குரலுக்கு மட்டும் கூடுதலாகச் சுறுசுறுப்படைந்தன. முகங்களுக்கென மூளையில் தனி இடம் இருப்பது போலக் குரலுக்கும் இருக்கிறது என்பது அதிலிருந்து உறுதிப்பட்டது.

அந்த இடத்தில் உணர்ச்சி என்ன செய்கிறது? 2005-ல் ஜெனிவா ஆய்வாளர்கள் ஒரு காதில் கோபக் குரலையும் மறு காதில் சாதாரணக் குரலையும் ஒரே நேரத்தில் கேட்கவைத்தார்கள். எந்தக் காதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். கோபக் குரல் 'கவனிக்காதே' என்று சொல்லப்பட்ட காதில் வந்தபோதும் குரல் பகுதி கூடுதலாகத் துடித்தது. அதாவது, 'நான் இதைக் காதில் வாங்கவில்லை' என்று நினைப்பவரின் மூளையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே 'என்ன, குரல் ஒரு மாதிரியா இருக்கு?' என்று கேட்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை 2006-ல் ஆனெட் ஷிர்மர், சோன்யா கோட்ஸ் இருவரும் ஒரு வரைபடமாகத் தொகுத்தார்கள். ஒலி வந்து சுமார் 100 மில்லி விநாடியில் அதன் சுருதி, சத்தம், கரகரப்பு அலசப்படுகிறது. 200 மில்லி விநாடியில் 'இது உணர்ச்சி கலந்த குரல்' என்ற அடையாளம் விழுந்துவிடுகிறது. சொல்லின் பொருளையும் குரலின் தொனியையும் ஒட்டவைத்து, யோசித்து மதிப்பிடும் கட்டம் 400 மில்லி விநாடிக்கு அருகில்தான் தொடங்குகிறது. கண் ஒருமுறை சிமிட்டி முடியும் நேரத்துக்குள் முதல் இரண்டும் முடிந்துவிடும். மோசடிக்காரர் காசு பார்ப்பது, மூன்றாவது கட்டத்தை நிதானமாக நடக்கவிடாமல் தடுப்பதில்தான். 'உடனே', 'இப்பவே', 'போனை வைக்காதீங்க' எல்லாம் அதற்காகத்தான்.

வலது பக்கம் பழுதானால்?

தொனியைக் கையாள்வதில் மூளையின் வலது பாதிக்குக் கூடுதல் பங்கு உண்டு. எலியட் ராஸ், மார்செல் மெசுலம் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 1979-ல் எழுதிய கட்டுரையில் ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார். வலது மூளையில் பக்கவாதம் வந்து குணமான பிறகு அவருக்குப் பேச்சில் இலக்கணப் பிழையோ சொல் தடுமாற்றமோ இல்லை. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் அடங்கவில்லை. காரணம், அவர் திட்டினாலும் குரல் தட்டையாகவே இருந்தது. கோபம் உள்ளே இருந்தது, குரலில் ஏறவில்லை. கடைசியில் 'நான் நிஜமாகவே கோபமாக இருக்கிறேன்' என்று வார்த்தையால் சொல்லிப் புரியவைக்க வேண்டியதாயிற்று. வேறு சிலருக்கு இதன் மறுபக்கம்: பேச்சு புரியும், அதிலுள்ள கிண்டலோ துக்கமோ புரியாது. எல்லாம் வலது பக்கம்தான் என்று முன்பு நம்பப்பட்டது, இப்போது இரண்டு பாதிகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன, வலது கொஞ்சம் முந்திக்கொள்கிறது என்கிறார்கள். நம்மூரில் பக்கவாதம் என்றால் கை, கால், வாய் கோணல் வரைக்கும்தான் பேச்சு. 'அவர் முன்ன மாதிரி பாசமா பேசுறதில்லை' என்ற வீட்டார் குறைக்கும் அதே பக்கவாதம் காரணமாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவரிடம் கேட்பவர்கள் குறைவு.

அலறலுக்கு மட்டும் ஒரு தனிப் பாதை இருக்கிறது. சாதாரணப் பேச்சில் ஒலியின் ஏற்ற இறக்கம் விநாடிக்கு நாலைந்து முறை நடக்கும், கிட்டத்தட்ட அசைகளின் வேகம். அலறலில் அது விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை போகிறது. காதைச் சுரண்டும் அந்தக் கரகரப்பை ஆபத்து மணிகளும் சைரன்களும் பயன்படுத்துகின்றன. 2015-ல் வெளியான ஆய்வில், இந்தக் கரகரப்பு கூடக் கூட, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதி அதிகமாக வினையாற்றியது தெரிந்தது. போனில் அழுகையும் அலறலும் முதலில் வந்து, பேச்சு பிறகு வருவது தற்செயல் இல்லை.

போன் குரல் ஏன் போதுமானதாக இருக்கிறது?

பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. ஆணின் அடிப்படைச் சுருதி 120 ஹெர்ட்ஸ் என்று பார்த்தோமே, அப்படியானால் அது கம்பியில் போகவே இல்லை. ஆனாலும் மறுமுனையில் ஆண் குரலாகத்தான் கேட்டது. 360, 480, 600 என்று வரும் மேல் சுருதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, இல்லாத 120-ஐ மூளையே போட்டுக்கொள்கிறது. ஆகவே, போனில் பிள்ளையின் குரலைக் கேட்கிறோம் என்று சொல்வதில், பாதி கேட்பது, பாதி நிரப்பிக்கொள்வது. சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் நிரப்பிக்கொள்வோம். போலிக் குரலில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளையும் இதே நல்ல மனதோடு அடைத்துவிடுகிறோம்.

போனில் வரும் குரலுக்கு உடம்பும் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2010-ல் நடந்த ஆய்வு இது. 7 முதல் 12 வயதுள்ள 61 சிறுமிகளை, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். பதறிப்போன பிள்ளைகளில் ஒரு பகுதியினரை அம்மா நேரில் வந்து கட்டிக்கொண்டார். ஒரு பகுதியினரிடம் அம்மா போனில் பேசினார். மற்றவர்களுக்குப் படம் போட்டுக்காட்டினார்கள். அம்மா அணைத்த பிள்ளைகளுக்கும் போனில் பேசிய பிள்ளைகளுக்கும் பிணைப்பு ஹார்மோனான ஆக்ஸிடோசின் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தது, பதற்ற ஹார்மோனான கார்டிசால் இறங்கியது. 2012-ல் அதே குழு, அம்மாவை மெசேஜ் மட்டும் அனுப்பச் சொல்லிப் பார்த்தது. ஆக்ஸிடோசின் அசையவில்லை. 'எதுக்கு போன், மெசேஜ் போட்டா போதாதா?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஊரில் இருப்பவர்கள் தாராளமாக இதைச் சொல்லலாம்.

மெஷின் எந்த இடத்தில் நுழைந்தது?

2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 'வால்-இ' என்ற மாதிரியை அறிமுகப்படுத்தியது. மூன்று விநாடிக் குரல் கொடுத்தால் போதும், அதே குரலில் எதையும் பேசும், மாதிரியில் இருந்த உணர்ச்சியையும் ஓரளவு தக்கவைக்கும் என்றார்கள். 2024 மார்ச்சில் ஓபன்ஏஐ, 15 விநாடியில் நகலெடுக்கும் கருவி தன்னிடம் இருப்பதாகவும், தவறாகப் பயன்படும் என்பதால் பொதுவில் விடவில்லை என்றும் சொன்னது. பிறந்தநாள் ரீல்ஸ், கல்யாண வீடியோ, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் என எங்கோ ஓரிடத்தில் இன்று எல்லோருடைய 15 விநாடியும் கிடக்கிறது.

காதுக்கு வித்தியாசம் தெரியாதா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2023-ல் 529 பேரிடம் சோதித்தது. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் போலிக் குரல்களை அவர்கள் கண்டுபிடித்தது 73 சதவீதம்தான். நான்கில் ஒன்று தப்பிவிடுகிறது. சோதனை என்று முன்கூட்டியே சொல்லி உட்காரவைத்தவர்களின் கணக்கு இது. நள்ளிரவில் அழுகைச் சத்தம் கேட்டு எழுந்தவரின் கணக்கு எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கலாம். அதே ஆண்டு மெக்காஃபி நிறுவனம் ஏழு நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், இந்தியர்களில் 47 சதவீதம் பேர் தாங்களோ தெரிந்தவரோ இப்படி ஓர் அழைப்பைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்க வேண்டும். ஆனாலும் ஏழு நாடுகளில் இந்தியாதான் முதலிடம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை சூரிக் பல்கலைக்கழகம் 2024-ல் ஆராய்ந்தது. சிலரின் குரலைக் கணினியால் நகலெடுத்து, உண்மைக் குரலோடு ஒப்பிடச் சொல்லி 25 பேரை ஸ்கேன் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு நேரம் நகல் அதே ஆளாகவே ஏற்கப்பட்டது. ஆனால் இரண்டு இடங்களில் மூளை வேறுபாட்டைக் காட்டியது. இன்பத்தோடும் வெகுமதியோடும் தொடர்புடைய ஒரு பகுதி, நகலைக் கேட்டபோது குறைவாக வேலை செய்தது. ஒலியை அலசும் பகுதி, குறைபட்ட ஒலியைச் சரிக்கட்டப் பார்ப்பது போலக் கூடுதலாக உழைத்தது. ஆள் அடையாளத்தில் ஏமாந்த மூளை, 'இதில் ஏதோ இனிப்பு குறைகிறதே' என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருக்கிறது. பதற்றமான நேரத்தில் அந்தக் குறிப்பை யார் படிப்பார்கள்?

தமிழர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்ட நகல்கள்

இதன் இனிப்பான பக்கத்தைத் தமிழ் ரசிகர்கள் 2024-லேயே கேட்டுவிட்டார்கள். 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், 1997-ல் இறந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022-ல் இறந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் விளக்கினார். அந்த ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல், யுவன் சங்கர் ராஜா இசையில் ஜூன் மாதம் விஜய்யின் 'தி கோட்' பாடலில் ஒலித்தது. கேட்டு அழுதவர்கள் ஏராளம். அது பவதாரிணி பாடியது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணீர் வந்தது. மூன்றாவது கட்டத்துக்குத் தெரிந்த செய்தி, இரண்டாவது கட்டத்தைத் தடுக்கவில்லை.

அரசியலும் சும்மா இருக்கவில்லை. மறைந்த கருணாநிதியை தி.மு.க. மேடைத் திரையில் பேசவைத்தார்கள். 2024 பிப்ரவரி 24, ஜெயலலிதா பிறந்தநாளில், அவர் குரலில் ஒரு ஆடியோவை அ.தி.மு.க. வெளியிட்டது. அதே காலத்தில், அனுமதி இல்லாமல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை உருவாக்கியதாக 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ரஹ்மான் செய்ததற்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், கேட்டுவிட்டு எடுத்தாரா, கேட்காமல் எடுத்தாரா என்பதில் இருக்கிறது.

'பாட்டி' என்று கூப்பிட்டால் உஷார்

மறுபடி வலையபட்டிக்கு வருவோம். மெஷின் குரலை நகலெடுக்கும். குடும்பத்தை நகலெடுக்காது. நகரத்தார் வீட்டில் அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா. அச்சு அசலாகப் பேரனின் குரலே வந்தாலும், அது 'பாட்டி' என்று அழைத்தால், எழுதிக்கொடுத்த ஆள் ஊர்க்காரர் இல்லை என்று அர்த்தம். ஆனால் இதை மட்டுமே நம்பிவிட முடியாது. அழைப்பைப் பேசிப் பதிந்த ரீல்ஸ் ஒன்று வெளியில் இருந்தால் அந்த முறைப்பெயரும் போய்விடும்.

வயதாக ஆகக் குரலிலுள்ள உணர்ச்சியைத் துல்லியமாகப் பிரித்தறியும் திறன் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காது மந்தமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே 'நல்லா கேட்டுப் பாருங்க, போலிக் குரலைக் கண்டுபிடிச்சிடலாம்' என்று முதியவர்களுக்கு அறிவுரை சொல்வதில் பெரிய பலன் இல்லை. காதுக்குக் கொடுக்கும் வேலையை ஒரு பழக்கத்துக்குக் கொடுப்பது நல்லது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஏற்கெனவே போனில் பதிந்துள்ள பிள்ளையின் எண்ணுக்கு இவர்களே கூப்பிட வேண்டும். அந்த எண் எடுக்கவில்லை என்றால் மருமகளுக்கு, இல்லாவிட்டால் பங்காளி வீட்டுக்கு. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம்: பழைய வேலைக்காரரின் பெயர், வளவில் உடைந்துகிடக்கும் தூண் எத்தனையாவது என்பது போல. போனை வைத்துவிட்டு மறுபடி எண்ணைத் தேடும் அந்த ஒரு நிமிடமே, தடுக்கப்பட்ட மூன்றாவது கட்டத்துக்குத் திரும்பக் கிடைக்கும் நேரம்.

'பாசமா பேசுற பிள்ளைய சந்தேகப்படுறதா?' என்று அப்பத்தாவுக்கு மனம் வராது. அதனால் இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகள்தான் முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டும். 'நானே அழுதுகிட்டு போன் பண்ணாலும் வச்சிட்டு திரும்பக் கூப்பிடுங்க' என்று சொந்தக் குரலில், சாதாரண நாளில், ஒருமுறைக்கு நான்கு முறை சொல்லிவைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்ற விவரம் கையில் இருந்தால், அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவர், முன்னாள் சக ஊழியரின் முகத்தையும் குரலையும் வீடியோ அழைப்பில் நம்பி 40,000 ரூபாய் அனுப்பினார். சந்தேகம் வந்தது, இரண்டாவது முறை பணம் கேட்டபோதுதான். அந்த நண்பரின் பழைய எண்ணைத் தேடி அவரே கூப்பிட்டார், உண்மை தெரிந்தது, உடனே புகார் கொடுத்தார். போலீசாரால் அந்தப் பணம் போன கணக்கை முடக்க முடிந்தது.

சட்டம் இன்னும் பிரபலங்களின் குரல் பக்கமே நிற்கிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏ.ஐ. தளங்கள் நகலெடுப்பதற்கு மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் குரலுக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, அதை அவரால் நிரூபிக்கவும் முடிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பேரனின் குரலை யாராவது திருடினால், அவர் எந்த நீதிமன்றத்துக்கு, எந்தப் பிரிவின் கீழ் போவது? இப்போதைக்கு ஆள்மாறாட்டம், ஏமாற்றுதல் என்ற பழைய பிரிவுகளில்தான் வழக்குப் பதிகிறார்கள். அதுவும் பணம் போன பிறகு.